அரைப்பேர்: அறிவியற் புனைவும் உழைப்பும் பற்றிய சில குறிப்புகள்

அறிவியற் புனைகதையை நமது முற்போக்குத் திறனாய்வு இதுகாறும் பொருட்படுத்தி நோக்கியதில்லை. பேராசிரியர் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் வெளிவந்த காலந்தொட்டு, புனைகதையை அது தோன்றிய சமுதாயத்துடன் இணைத்து நோக்கும் நெறி நம்மிடையே வேரூன்றியுள்ளது. எனினும் அந்நெறி நின்றோர் விண்கலத்தையும் இயந்திர மனிதனையும் கண்டதும் முகந்திருப்பிக்கொண்டனர். வார இதழ்த் தொடர்கதை, வணிகத் திரைப்படம், சிறுவர்க்கான கேலிச்சித்திரப் படம் ஆகியவற்றின் வழியாகவே இவ்வகைப் புனைவு தமிழுக்குப் பெரும்பாலும் வந்தது. ஆதலால் இப்புறக்கணிப்பை விளங்கிக்கொள்ள முடிகிறது, ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இன்று பல்கலைக்கழகத்துட் புகும் மாணவருட் பலர் நாவல்களை வாசிப்பதற்கு முன்னரே யப்பானிய அசைவூட்டப் படங்களைப் பார்த்தவர்கள்; கணினி விளையாட்டுகளில் நாடுகளைக் கட்டியும் அழித்தும் பழகியவர்கள். 'டீமன் ஸ்லேயர்' வரிசையின் 'இன்ஃபினிட்டி காசில்' 2025இல் இந்தியத் திரையரங்குகளிலே தமிழ்க் குரலிலும் ஓடியது. ஒரு தலைமுறையின் கற்பனையை உருவாக்கும் கலைவடிவத்தைத் திறனாய்வாளர் புறக்கணித்தால், அதனை மதிப்பிடும் பொறுப்பு விளம்பரதாரர் கைக்குப் போய்விடும்.

இக்கட்டுரையாளர் இத்துறையில் நிபுணரல்லர். நெடுநாட் சுவைஞர் மாத்திரமே. உக்குவளையிற் பிறந்து வளர்ந்தமை ஒன்றே தனித்த தகுதியாகக் கூறத்தக்கது. அது எவ்வாறு தகுதியாகும் என வினவலாம். கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் புகையிரதப் பாதையிலுள்ள இச்சிற்றூரில், மகாவலி தன் வழியை விட்டு வேறு வழியாக வந்துசேர்கிறது. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட நீர், மலையைக் குடைந்து அமைத்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடே பாய்ந்து, 1976இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிச் சுதுகங்கையிற் கலக்கிறது. ஆற்றைத் திசைதிருப்பும் பொறி எங்களுக்குக் கற்பனையன்று. நாள்தோறும் காணும் காட்சி. அதே மாவட்டத்தில்தான் சிகிரியாக் குன்றும் உள்ளது; உலகப் புகழ்பெற்ற அறிவியல் நாவலொன்றுக்கு அது களமாயிற்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சரிவுகளிலே, மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். வழியில் இறந்தோரின் தொகை பெரிது. அவர்தம் பெயர்ப்பட்டியல் எங்கும் இல்லை.

ஆகவே இங்கிருந்து எழும் வினா எளியது. எதிர்காலத்தைக் கட்டுபவர் யார்? அவருக்குப் பெயர் உண்டா? அறிவியற் புனைவை மதிப்பிடுவதற்கு இது ஒன்றே அளவுகோல் அன்று. ஆயினும் இதுவரை கையாளப்படாத அளவுகோல் என்பதால் இங்கு இதனையே கைக்கொள்வோம்.

1. ரொபோவும் கூலியும்

'ரொபோ' என்னும் சொல்லின் பிறப்பே நமது வினாவுக்கு இடந்தருகிறது. செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் எழுதி 1921இல் மேடையேறிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகம் அச்சொல்லை உலகுக்கு வழங்கியது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்பது நிலப்பிரபுவுக்குக் குடியானவன் ஊதியமின்றிச் செய்யக் கடமைப்பட்ட உழைப்பைக் குறிக்கும். அதாவது இயந்திர மனிதனின் பெயர் இயந்திரத்திலிருந்து வந்ததன்று. கட்டாய உழைப்பிலிருந்து வந்தது.

இலங்கை வரலாற்றில் இதற்கு நிகரானது இராஜகாரிய முறை. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையை அடுத்து 1832இல் அது ஒழிக்கப்பட்டது. அதன்பின் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தென்னிந்தியாவிலிருந்து மலிவான உழைப்பு தருவிக்கப்பட்டது. அந்த உழைப்பாளருக்கு இடப்பட்ட பெயரும் உழைப்பின் பெயரே: கூலி. செக் மொழியின் 'ரொபோட்டா' இயந்திரத்துக்குப் பெயராயிற்று. நமது 'கூலி' மனிதருக்கே பெயராயிற்று. சாப்பெக்கின் நாடகத்தில் இயந்திர மனிதர் கிளர்ந்தெழுகின்றனர். அதைப் பொறியியல் விபத்தாகக் காண்பவர் நாடகத்தின் பாதியையே கண்டவராவர். உழைப்பைத் தனியே பிரித்தெடுத்து, உழைப்பவனை வேண்டாமென விட்டுவிட இயலுமா என்பதே அதன் அடிப்படை வினா. நல்ல அறிவியற் புனைவு அனைத்தும் ஏதோ ஒருவகையில் இவ்வினாவுக்குத் திரும்பி வருகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. சொர்க்கத்தின் ஊற்றுகள்

ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008இற் கொழும்பிலே காலமானவர். புவிநிலைச் செய்மதிகளைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தும் கருத்தை 1945இலேயே கட்டுரையாக வெளியிட்டவர். அவரது 'தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' 1979இல் வெளிவந்து, ஹியூகோ, நெபியூலா ஆகிய இரு விருதுகளையும் பெற்றது. பூமியிலிருந்து விண்வெளிக்குச் செல்லும் உயர்த்தியொன்றை 22ஆம் நூற்றாண்டிற் கட்டும் கதை அது. கதையின் தீவு 'தப்ரபேன்', சிகிரியா அங்கே 'யக்ககல', சிவனொளிபாதமலை 'ஸ்ரீகண்ட'. உயர்த்தி நிலநடுக்கோட்டில் அமைய வேண்டும் என்பதற்காக, ஆசிரியர் தீவையே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிடுகிறார்.

நாவலின் சிறப்பை மறுப்பதற்கில்லை. வானளாவிய மாளிகை கட்டிய பண்டைய மன்னனையும், விண்ணளாவிய கோபுரம் கட்டும் பொறியியலாளன் வன்னெவர் மோர்கனையும் அடுத்தடுத்து நிறுத்தி, படைப்பாசை என்னும் மனித இயல்பின் பெருமையையும் ஆணவத்தையும் ஒருங்கே காட்டுகிறார் கிளார்க். மலையுச்சி மடாலயத்தின் பிக்குகளுக்கும் பொறியியலாளனுக்குமிடையிலான முரண்பாட்டைக் கேலிசெய்யாமற் கையாளுகிறார். வண்ணத்துப்பூச்சிகள் சிகரத்தை அடையும் கட்டம் இவ்வகை இலக்கியம் முழுவதிலும் மறக்கவொண்ணாதவற்றுள் ஒன்று. மூன்றாம் உலக நாடொன்றின் வரலாற்றை மனித குலத்தின் எதிர்காலத்துக்கு நுழைவாயிலாக்கிய மேனாட்டு எழுத்தாளர் அக்காலத்தில் மிகச் சிலரே.

ஆயினும் நமது வினாவை எழுப்பினால் நாவல் தடுமாறுகிறது. அதன் முதன்மை மாந்தர் யாவர்? பொறியியலாளன், ஓய்வுபெற்ற இராசதந்திரி, தொல்லியலறிஞர், தொலைக்காட்சிச் செய்தியாளர், மகாநாயக்க தேரர், மன்னன். கல் சுமந்தவனும் கம்பி இழுத்தவனும் இவ்வரிசையில் இல்லை. சிவனொளிபாதமலையின் அடிவாரத்தை அறிந்தோர்க்கு இது உறுத்தும். மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி வழியாக ஏறும் யாத்திரிகர் தேயிலை மலைகளைக் கடந்தே செல்கின்றனர். கிளார்க் வாழ்ந்த அதே நாட்டில், 1970களின் முற்பகுதியில், அத்தகைய தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அத்தசாப்தத்தின் இறுதியில் அச்சேறிய நாவலிலோ, விண்ணைத் தொடும் கோபுரத்தின் நிழல் லயங்களின்மேல் விழவில்லை.

22ஆம் நூற்றாண்டைப் பற்றிய கதையில் 20ஆம் நூற்றாண்டுத் தொழிலாளரைத் தேடுவது முறையா என்று கேட்கப்படலாம். மன்னனை 5ஆம் நூற்றாண்டிலிருந்து கொண்டுவர முடிந்தது. மடாலயத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு அப்பாலிருந்து கொண்டுவர முடிந்தது. விடுபட்டவர் விடுபட்டதற்குக் காலத்தொலைவு காரணமன்று. சிகிரியாவின் கண்ணாடிச் சுவரிலே, பார்க்க வந்தோர் கீறிச்சென்ற கவிதைகளைப் பேராசிரியர் செனரத் பரணவிதான வாசித்து 1956இற் பதிப்பித்தார், அவை 685. பார்க்க வந்தோர் தம் பெயரைப் பொறித்துச் சென்றனர். சுவரைக் கட்டியோர் பெயர் சுவரில் இல்லை. கிளார்க்கின் நாவல் அச்சுவரைப் போன்றது.

3. ஈரெழுத்துப் பெயர்கள்

தமிழில் இவ்வகைப் புனைவைப் பரந்துபட்ட வாசகரிடம் கொண்டுசென்றவர் சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' 2020களின் தொடக்கத்தில் நிகழ்வதாக எழுதப்பட்டது. இன்று நாம் அக்காலத்தைக் கடந்துவிட்டோம். எதிர்வுகூறல் பலித்ததா எனக் கணக்கிடுவது பயனற்ற வேலை. எதிர்வுகூறலினூடாக ஆசிரியர் எதைக் கண்டஞ்சினார் என்பதே கருதத்தக்கது. அந்நாட்டில் மக்களுக்கு ஈரெழுத்துப் பெயர்களே உண்டு: நிலா, சிபி. பிள்ளை பெறுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். முதியோரின் ஆயுளையும் அரசே முடித்துவைக்கும். ஆட்சித் தலைவன் ஜீவாவோ ஒளியால் தோற்றுவிக்கப்பட்ட பொய்யுரு. எழுதப்பட்ட ஊர் சென்னையாயினும், இதனை மலையகத்திலிருந்து வாசிக்கும்போது வேறொரு பொருள் தோன்றுகிறது. பெயரையும் எண்ணையும் வைத்து மனிதரை உரியவர், உரியரல்லாதவர் எனப் பிரிக்கும் அரசு எங்களுக்கு எதிர்காலமன்று, கடந்த காலம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதாக ஒத்திவைத்தது. 975,000 மனிதர் அங்கே எண்ணாக மட்டுமே இருந்தனர். நாடற்ற நிலைக்கு முடிவுகாணும் சட்டம் 2003இலேயே வந்தது.

சுஜாதாவின் தொடரில் உயிர்த்துடிப்புள்ள பாத்திரம் ஜீனோ என்னும் இயந்திர நாய். வாசிக்கவும் சிந்திக்கவும் தெரிந்த அப்பிராணி நாளடைவில் மனிதரைவிட மேலான விவேகத்தைப் பெறுகிறது. பொறிக்கு இவ்வளவு அன்பு காட்டிய ஆசிரியர், மக்களைப் பெரும்பாலும் ஆரவாரிக்கும் கூட்டமாகவே விட்டுவிடுகிறார். மாற்றத்தை நிகழ்த்துவோர் திறமைசாலிகளான ஒருசிலரும் ஒரு பொறியுமே. இக்குறை அவரது பங்களிப்பிற் பின்னர் உருவான 'எந்திரன்' (2010) திரைப்படத்தில் மேலும் பெருகியது. சிட்டி என்னும் இயந்திர மனிதனைப் படைத்தவன் அவனை இராணுவத்துக்கு அளிக்க எண்ணுகிறான். இடையில் அவன் வீட்டுவேலைகளுக்கும் பயன்படுகிறான். அவ்வேலைகள் நகைச்சுவைக் காட்சிகளாகின்றன. அவற்றை அதுகாறும் செய்துவந்தவர் யார் என்ற வினாவை, எந்நேரமும் எவரேனும் பணிவிடை செய்யும் வீட்டிலிருந்து கதையைக் கூறும் திரைப்படம் கேட்பதில்லை. ஆயினும் நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன்னைத்தானே கழற்றிவைக்கும் இறுதிக்கட்டத்தில் சாப்பெக்கின் வினா ஒருகணம் தலைகாட்டுகிறது. அந்த ஒருகணத்துக்காகவே அப்படத்தை மன்னிக்கலாம் எனத் தோன்றுகிறது.

4. யப்பானியப் படங்கள்

யப்பானிய அசைவூட்டப் படங்களை எல்லாம் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது தவறு. வாட்போரும் பேருருப் பொறிகளும் நிறைந்த நெடுந்தொடர்கள் பல. அவற்றின் விறுவிறுப்பை இக்கட்டுரையாளரும் சுவைத்தவரே. எனினும் உழைப்பைக் கண்கொண்டு பார்த்த படைப்பாளி என ஹயாவோ மியசாக்கியையே முதலிற் கூற வேண்டும்.

அவரது 'லபுட்டா: வானத்துக் கோட்டை' (1986) சுரங்கத் தொழிலாளரின் ஊரொன்றில் தொடங்குகிறது. 1980களின் நடுப்பகுதியில் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்த காலத்தை ஒட்டி மியசாக்கி வேல்சுக்குச் சென்றுவந்தார். அத்தொழிலாளரின் போராட்ட உறுதி அவரைப் பாதித்தது. அதனாலேயே அவ்வூரின் குறுகிய வீடுகளிலும் பாலங்களிலும் வாழ்ந்து பழகிய சுவடு உள்ளது. வானத்திலே மிதக்கும் கோட்டையை அதன் அதிபதிகள் கைவிட்டுச் சென்று நெடுங்காலமாயிற்று. எஞ்சியிருப்பது ஓர் இயந்திர மனிதன். அவன் தோட்டத்தைப் பேணுகிறான். பறவைக் கூட்டுக்கு ஊறு நேராமற் காக்கிறான். கல்லறைக்கு மலர் வைக்கிறான். துரைமார் போன பின்னும் தோட்டத்தை விட்டு நீங்காத அவனைக் காண்கையில், கம்பனிகள் விட்டுப்போன மாத்தளைத் தோட்டங்களில் எஞ்சியிருந்தோரை நினையாதிருத்தல் அரிது.

'ஸ்பிரிட்டட் அவே' (2001) அறிவியற் புனைவன்று, மாயப்புனைவு. ஆயினும் நமது வினாவுக்கு மிகக் கூர்மையான விடை அதிலேயே உள்ளது. தேவர்கள் நீராட வரும் மாளிகையில் சிஹிரோ என்னும் சிறுமி சிக்கிக்கொள்கிறாள். அங்கே வேலை செய்யாதவர் விலங்காக்கப்படுவர். அவள் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டதும், மாளிகையை நடத்தும் யுபாபா என்னும் சூனியக்காரி அப்பெயரின் எழுத்துகளிற் சிலவற்றைப் பறித்துக்கொண்டு, எஞ்சியதைக் கொண்டு 'சென்' எனப் பெயரிடுகிறாள். முழுப்பெயரை மறந்தால் வீடு திரும்ப வழியில்லை.

இப்படத்தை வீட்டிலே பார்த்துக்கொண்டிருந்தபோது, முப்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்த கட்டுரையாளரின் தாயார், யப்பானிய மொழியும் தெரியாமல், கீழே ஓடிய ஆங்கில எழுத்தும் வாசியாமல், அக்கட்டத்திற் சொன்னது இது: "அரைப்பேரு போட்டுட்டாளே!"

மலையகத்துக்கு வெளியேயுள்ள வாசகருக்கு இதனை விளக்க வேண்டும். தோட்டத்திலே ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். பெரட்டுக்களத்திற் பேர் பதிந்தால்தான் அன்றைய சம்பளம். கொழுந்தின் நிறை குறைந்தாலோ நேரம் பிந்தினாலோ கணக்கப்பிள்ளை 'அரைப்பேர்' போடுவார். பாதி நாட் சம்பளமே கிட்டும். மாதமுடிவிற் செக்ரோலில் விழுந்த பேர்களை எண்ணியே ஒரு குடும்பத்தின் வாழ்வு அளக்கப்படும். மனிதனின் பெயரும் அவன் விற்ற நாளும் ஒரே சொல்லால் வழங்கப்படும் மொழியிலே, யுபாபாவின் சூனியம் வெறுங் கற்பனையாக இருக்க முடியாது. மியசாக்கி எங்கள் தோட்டங்களை அறிந்தவரல்லர். உழைப்பு உழைப்பவனிடமிருந்து எதைப் பிரிக்கிறது என்பதை அவர் உண்மையாகச் சிந்தித்தமையால், அவர் படைத்த படிமம் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலும் பொருந்துகிறது. யதார்த்தம் யதார்த்தவாத வடிவிலேயே வர வேண்டும் என்னும் நமது பழைய பிடிவாதம் இங்கே மறுபரிசீலனைக்கு உள்ளாகிறது.

அதே படத்தில் ஹக்கு என்னும் சிறுவன் தன் பெயரை மறந்தவன். அவன் உண்மையில் ஓர் ஆறு. அவ்வாற்றை மூடி அதன்மேல் மாடிவீடுகள் கட்டிவிட்டனர். ஆற்றைத் திருப்பிய ஊரில் வளர்ந்தோர்க்கு இதன்மேல் விளக்கம் வேண்டியதில்லை. மின்நிலையம் வேண்டாம் என்பது எமது வாதமன்று. அம்மின்சாரம் எந்த லயத்துக்கு எப்போது வந்தது என்று கேட்பதே எமது வாதம்.

பழம்பெருமையை அறிவியலாக்கும் போக்கையும் இங்குச் சுட்ட வேண்டும். இலங்கையின் முதற் செய்மதிகளுள் ஒன்றாக, 2019இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் யப்பானியக் கூடத்திலிருந்து செலுத்தப்பட்டது 'இராவணா-1'. 2020இல் இராவணனின் வானூர்தி பற்றிய ஆவணங்களைத் தருமாறு அரசின் விமானப் போக்குவரத்துத் துறையினர் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்தனர். சிறு செய்மதியைத் தம் உழைப்பால் அமைத்த இளம் பொறியியலாளரின் சாதனை பாராட்டுக்குரியது. ஆனால் எதிர்காலத்தை இறந்தகாலத்திலே தேடும் மனப்பாங்கு அறிவியற் புனைவுக்கு நேர்மாறானது. இப்பிணி சிங்களவருக்கு மாத்திரம் உரியதன்று. தமிழரிடையேயும் இதற்குக் குறைவில்லை.

5. விளையாட்டில் உழைப்பாளி

கணினி விளையாட்டைக் கலையெனக் கொள்ளலாமா என்னும் விவாதத்தை இங்கு விரிக்கவில்லை. நாவலில் உழைப்பு சொல்லப்படுகிறது, படத்திற் காட்டப்படுகிறது, விளையாட்டிலோ ஏவப்படுகிறது. ஏவுபவர் விளையாடுபவரே. ஆகையால் அதன் விதிகளே அதன் சமுதாய நோக்கு.

'சிவிலைசேஷன்' வரிசையின் ஆறாம் விளையாட்டு (2016) மிகச் சிறந்த அறிவுப்பயிற்சி. கட்டுரையாளர் அதிலே கழித்த இரவுகள் பல. அதிலே தேயிலை ஒரு செல்வம். அதனைப் பெறத் 'தோட்டம்' அமைக்க வேண்டும். அமைப்பவர் 'கட்டுநர்' எனப்படும் ஓர் அலகு. சாதாரணமாக மூன்று முறை வேலை செய்ததும் அவ்வலகு திரையிலிருந்து மறைந்துவிடும். தோட்டம் நிற்கும்; தேயிலை நாட்டின் அறிவியற் புள்ளியைக் கூட்டும்; கட்டியவர் இல்லை. இதனைச் சதியென்பது மிகை. ஆட்டத்தின் வேகத்துக்காகச் செய்த ஏற்பாடே அது. ஆயினும் மன்னார் வீதியிலும் மாத்தளைக் காடுகளிலும் மறைந்தோரின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதியதில்லை. அதனை விளையாடுபவருள் எத்தனைபேர் அந்த மறைவைக் கவனித்திருப்பர்?

இதற்கு மறுதலையாக 'வெண்பா' (2023) என்னும் சிறு விளையாட்டைக் கூறலாம். ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் வெளியிட்ட இது, 2024இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. தமிழகத்திலிருந்து 1980களிற் கனடாவுக்குப் பெயர்ந்த குடும்பமொன்றின் கதை. விளையாடுபவர் செய்ய வேண்டியது சமையல். தாய் தந்த குறிப்பேடு சிதைந்துள்ளது. விடுபட்ட படிகளை ஊகித்தே இட்டலியும் புட்டும் செய்ய வேண்டும். பின்னர் மகன் கவினின் கையாற் சமைக்க நேர்கிறது. அவனுக்குத் தாயின் மொழி அரைகுறை. வீட்டுப் பெண்ணின் கணக்கிலே சேராத உழைப்பைக் கைப்பழக்கமாக உணரவைக்கும் விளையாட்டு வேறொன்றைக் கட்டுரையாளர் கண்டதில்லை. அங்கே உழைப்பவளுக்குப் பெயர் உண்டு. அப்பெயரே விளையாட்டின் பெயரும். அதன் நடுத்தர வர்க்க வரையறைகள் வெளிப்படையானவை. இருப்பினும் தமிழிற் சிந்தித்த ஒரு படைப்பு உலக அரங்கில் நிமிர்ந்து நின்றமை மகிழ்ச்சிக்குரியது.

6. முடிவுரை

இலங்கையில் ஆங்கிலத்தில் எழுதும் புதிய தலைமுறையொன்று இத்துறையிற் கால்பதித்துள்ளது. வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' (2023) சிறந்த நாவலுக்கான நெபியூலா விருதைப் பெற்றது. பிறந்தவுடன் நிழல் பறிக்கப்பட்ட அதன் நாயகனின் பெயருக்குத் தமிழில் 'விலங்கு' எனப் பொருள். கால்விலங்கு என்பதில் வரும் விலங்கு. இனம், சாதி, தடுப்புமுகாம், ஆவணம் ஆகியவற்றால் மனிதரை வகுக்கும் நகரமொன்றை அது காட்டுகிறது. கிளார்க்கின் தப்ரபேனுக்கும் இந்நகருக்குமிடையே நாற்பத்து நான்கு ஆண்டுகள். இடைக்காலத்தில் இந்நாடு பட்ட துயரமெல்லாம் அந்த வேறுபாட்டிலே படிந்துள்ளது.

தமிழில் நம்மிடம் என்ன உண்டு? மலையகம் சிறந்த சிறுகதையாளரைத் தந்துள்ளது. மாத்தளை மண்ணே மாத்தளை சோமு, மலரன்பன் முதலானோரைத் தந்தது. அவர்கள் லயத்தையும் மலையையும் உள்ளவாறு எழுதினர். அது வரலாற்றுக் கடமை. அதனைச் செவ்வனே செய்தனர். ஆனால் மலையகத்தின் எதிர்காலத்தைக் கற்பனை செய்த அறிவியல் நாவலொன்று நமது இலக்கிய விவாதத்தில் இடம்பெற்றதாகக் கூறவியலாது. காரணம் கற்பனை வறுமையன்று. நிகழ்காலத்தில் முழுப்பேர் விழாதவனுக்கு எதிர்காலத்தைப் பற்றிப் பேச இடமளிக்கப்படவில்லை. கொழுந்து பறிக்கும் பொறி பற்றியும் ஆளில்லாக் கருவி பற்றியும் இன்று பேசப்படுகிறது. அவை வந்தபின் அந்த மலைகளில் எவர் இருப்பர், காணி எவருக்கு உரியதாகும், பேர் எங்கே பதியப்படும் என்பன பொருளியலாளருக்கு மாத்திரம் உரிய வினாக்களல்ல, நாவலாசிரியனுக்கும் உரியவை.

ஆகவே முற்போக்குத் திறனாய்வு செய்ய வேண்டியவை இரண்டு. இவ்வகைப் புனைவைச் சிறுபிள்ளை விளையாட்டெனத் தள்ளாமல் அதன் விதிகளைக் கற்று மதிப்பிடுதல் ஒன்று. அதனை எழுத முன்வரும் இளைஞரை, குறிப்பாகத் தோட்டப் பாடசாலைகளிலிருந்து வருவோரை, 'இது யதார்த்தமன்று' எனக்கூறி அடக்காதிருத்தல் மற்றொன்று. சிஹிரோ இறுதியிலே தன் முழுப்பெயரோடு சுரங்கவழியே வீடு திரும்புகிறாள். உக்குவளையிலும் ஒரு சுரங்கம் உண்டு. அதைக் குடைந்தோரின் கதையும், இனி அதனூடே வரவிருப்போரின் கதையும் இன்னமும் எழுதப்படவில்லை.